மாமியார் இருந்த ஒருசந்தி

கட்டின மனைவியை விட்டுவிட்டுப் போகிற ஆண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சிலர் சண்டை போட்டுவிட்டுப் போவார்கள், சிலர் சொல்லாமல் கொள்ளாமல் போவார்கள். என் வீட்டுக்காரர் பக்திமான். போனதோடு விடவில்லை. மூன்று வருஷம் கழித்து, அதையும் திருச்சபையின் ஆசீரோடு முறைப்படி செய்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஊட்டியில் பிஷப்பின் ஆயர் இல்லத்துக்கு விண்ணப்பம் எழுதினார்.

அதன் நகல் பங்குச் சாமியார் வழியாக எனக்கு வந்தது. குன்னூருக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில் இருக்கிற சின்னப் பங்கு எங்களுடையது. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஞானப்பாடம் எடுப்பவள். அன்றைக்கு இரண்டாம் பூசை முடிந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். சாமியார் அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், பாவம். "உக்காருங்க டீச்சர்" என்று சொல்லி, உறையை மேஜை மேல் வைத்து ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

எங்கள் சபையில் விவாகரத்து கிடையாது. ஆனால் கல்யாணத்தன்று பெண்ணோ மாப்பிள்ளையோ தன் சுய விருப்பத்தோடு சம்மதம் சொல்லவில்லை, யாருக்கோ பயந்து சொன்னார் என்று நிரூபித்தால், அந்தக் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று திருச்சபை தீர்ப்புச் சொல்லலாம். என் வீட்டுக்காரர் கேட்டிருந்தது அதைத்தான். தாயின் கட்டாயத்துக்குப் பயந்து சம்மதித்தேன், நான் சுதந்திரமாக இல்லை என்று எழுதியிருந்தார். இருபத்திரண்டு வருஷம், ஒரு மகள், இரண்டு வாடகை வீடு, ஒரு சொந்த வீடு, அவர் அம்மாவின் கடைசி எட்டு மாதப் படுக்கை, எல்லாம் நடந்த பிறகு, எதுவுமே நடக்கவில்லை என்கிறார். முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மகள் கோயமுத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள். போனில் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நான் யாரும்மா?" என்றாள். பிள்ளைகளின் உரிமைக்கு இதனால் ஒரு குறையும் வராது என்று சாமியார் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"அது சட்டம்மா. நான் கேட்டது உன்னைய" என்று வைத்துவிட்டாள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஆத்திரம் பொங்கியது அதனால்கூட இல்லை. விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இருந்த வாக்கியங்களால். அவை என் வாக்கியங்கள்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை தயாரிப்பு வகுப்பு நடக்கும். அதில் 'சம்மதமும் சுதந்திரமும்' என்கிற பாடத்தை எட்டு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தோம். எடுத்தோம் என்று சொல்வது மரியாதைக்கு. பேசுவது நான், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டுவது அவர். கடவுள்கூட, மாதாவாகப் போகிற அந்த நாசரேத்துப் பெண்ணிடம் ஆள் அனுப்பிக் கேட்டார், அவள் சரி என்று சொல்லும்வரை காத்திருந்தார், கேட்காமல் எடுத்துக்கொள்கிற உரிமையை அவரே வைத்துக்கொள்ளவில்லை என்பேன். திறந்த கதவுக்கு உள்ளே இருக்கிறவர்தான் வீட்டுக்காரர், பூட்டின கதவுக்கு உள்ளே இருக்கிறவர் கைதி என்பேன். இந்த இடத்தில் அவர் வழக்கமாக ஒரு வார்த்தை சொல்லுவார்: "எங்க டீச்சர் ஊட்டுல கதவே இல்லீங்க." கல்யாணப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்தக் கதவும் அந்தக் கைதியும் விண்ணப்பத்தில் வந்திருந்தன. என் பேச்சை எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, மனப்பாடம் செய்து, எனக்கு எதிராகவே எழுதியிருக்கிறார் மனிதர். திருடன் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸுக்குப் போகலாம். இதற்கு எங்கே போவது? இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. உறையோடு பீரோவில், புடவைகளுக்கு அடியில் செருகி, பூட்டிவிட்டேன்.

பூட்டினால் மறைந்துவிடுமா? அவர் எழுதியது உண்மையா பொய்யா என்று தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம்.

அவருடைய குடும்பம் இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. என் மாமியார் கைப்பிள்ளையும் ஒரு தகரப் பெட்டியுமாக வந்து இறங்கியவர். அப்போது எங்கள் கோயிலில் உபதேசியாராக இருந்த என் அப்பா அவருக்கு மனு எழுதிக் கொடுத்தார், எஸ்டேட்டில் வேலைக்குச் சொன்னார், எஸ்டேட் லைன் வீடுகளில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றுக்கு வழி செய்தார். அந்த நன்றியில் மாமியார் எப்போதோ அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார், என் மகனுக்கு உங்கள் மகள்தான் என்று. மகன் வளர்ந்தான், மின்வாரியத்தில் வேலை கிடைத்து அவலாஞ்சிக்குப் போனான். நானும் வளர்ந்தேன். பாட்டுக் குழுவில் அவர் பின்வரிசையில் நிற்பார், நான் முன்வரிசை. அவர் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இன்றைக்கும் அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

கல்யாணத்தைப் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடிந்த வாரத்தில் வைத்தார்கள். எங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பீடத்தில் நின்று படிப்பார்கள். எங்கள் ஓலை தவக்காலத்தின் கடைசி மூன்று ஞாயிறுகளில் வந்தது.

அந்தத் தவக்காலத்தில் என் மாமியார் கடுமையாக ஒருசந்தி இருந்தார். ஒருசந்தி என்றால் ஒருவேளைச் சாப்பாடு. அவரோ அந்த ஒருவேளையும் இல்லாமல் பாலில்லாத வெறும் தேயிலைச் சாயத் தண்ணீரில் நாளை ஓட்டினார். சிலுவைப்பாதையில் பத்தாம் ஸ்தலத்தில் மயங்கி விழுந்தார். பங்கே பேசிக்கொண்டது. பூசையில் சாமியார் அவரை எடுத்துக்காட்டாகச் சொன்னார். மகன் கல்யாணத்துக்காக ஒரு தாய் எப்படி ஒறுத்து ஜெபிக்கிறாள் பாருங்கள் என்று என் அம்மா கண் கலங்கினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் டைப்பிங் வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்தார். கையில் ஒரு பொட்டலம், டீயில் தோய்த்துத் தின்கிற எங்கள் மலை வர்க்கி. அதுவரை நாங்கள் தனியாக நாலு வார்த்தை பேசியதில்லை.

"ஏனுங்க, ஒரு நிமிசம்" என்றார். பொட்டலத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"அம்மா ஒருசந்தி இருக்கறது சாமிக்கில்லீங்க. எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம்னு சொன்னேன், அன்னிலிருந்து சாப்பிட மாட்டீங்குது. நான் சரின்னு சொல்றவரைக்கும் பச்சத் தண்ணியும் வேண்டாம்னுச்சு, சரின்னேன். தாலி கட்டறவரைக்கும் நம்ப மாட்டேன்னு இன்னும் கெடக்குது." மூச்சு வாங்கினார். "உங்களைக் கொறை சொல்லலைங்க. என்னால முடியல. நீங்களே வேண்டாம்னு சொல்லீருங்க. பொண்ணு வேண்டாம்னுட்டாள்னா அம்மா ஒண்ணும் பண்ண முடியாது."

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வீட்டில் பொட்டலத்தைப் பார்த்து அம்மா யார் கொடுத்தது என்று கேட்டாள். "அவருதான்" என்றேன். அதற்குள் அக்கம்பக்கம் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிட்டது, மாப்பிள்ளை ஆசையாக வர்க்கி வாங்கிக் கொடுத்துவிட்டார் என்று. அதைவிடப் பெரிய சாட்சி அந்த லைனில் யாருக்கும் தேவைப்படவில்லை.

மறுநாள் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றேன். மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள். கோயில் நிறையக் கூட்டம். தடை தெரிந்த ஒரே ஆள் கல்யாணப் பெண். திங்கட்கிழமை எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நற்செய்திப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம். உங்களையோ மற்றவரையோ யாராவது கட்டாயப்படுத்தியதாகத் தெரியுமா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். கல்யாணம் ஆனால் பிடித்துப்போகும் என்று நினைத்தேன். எனக்கு இருந்த பிடிப்பே இரண்டு பேருக்கும் போதும் என்று நினைத்தேன்.

கல்யாணச் சாப்பாட்டில் என் மாமியார் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு என் தலையைத் தடவி, "சும்மா மொகத்தத் தூக்கி வச்சிருக்கான் பொடியன். பயப்புடாத புள்ள, எல்லாஞ் சரியாப் போகும்" என்றார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. சாகும்வரை தெரியாது. அவருடைய முதலாண்டு நினைவுப் பூசை முடிந்த மறுவாரம் என் வீட்டுக்காரர் கூடலூர்ப் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கினார். சேரங்கோட்டில் ஒரு பெண். அவளும் நம் சபைதான், புருஷன் இறந்தவள். விண்ணப்பம் அவளைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொள்வதற்காக.

ஊட்டியில் விசாரணைக்குத் தேதி வந்தது. பங்குச் சாமியார் என்னிடம் நிலைமையை ஒளிக்கவில்லை. "அவங்கம்மா இல்ல. அவரு சொல்றதுக்கு வேற சாட்சியும் இல்ல டீச்சர். அவரு முழுச் சம்மதத்தோடதான் வந்தாருன்னு நீங்க சொன்னீங்கன்னா, இது நிக்கறது கஷ்டம்" என்றார். அவர் என்னைத் தூண்டவில்லை. ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது. சொல்லப்போகிறேன் என்று முடிவு செய்தேன். முழுச் சம்மதத்தோடு வந்தார், வர்க்கி வாங்கிக் கொடுத்தார், கேட்டுப் பாருங்கள் எங்கள் லைனில். இருபத்தைந்து வருஷமாக என் கையெழுத்து அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் அவருக்கு மனைவியாகவே சாவேன். அவர் சேரங்கோட்டில் நன்மை அப்பம் வாங்க முடியாமல், பூசையில் பின்பெஞ்சில் உட்கார்ந்தே கிழவனாகட்டும். இதை நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டே நினைத்தேன். அப்படி ஒரு ஜெபம் மேலே போயிருக்காது.

காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெலிங்டன் தாண்டியதும் உறையை எடுத்தேன். பதில் சொல்லப் போகிறவள் கேள்வியை முழுசாகப் படித்திருக்க வேண்டும் அல்லவா, டீச்சர் புத்தி. அப்போதுதான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். கடைசியில் நாலு வரி:

'என் மனைவிக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் இந்தத் திருமணத்துக்குச் சம்மதித்திருக்கவே மாட்டாள். அவள் நேர்மையானவள். அவளும் ஏமாற்றப்பட்டவள்தான்.'

திரும்பத் திரும்பப் படித்தேன். லவ்டேல் பக்கம் பனி இறங்கி எழுத்து மங்கிப்போனது. மறந்துவிட்டாரா? நான் இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படாமல் காத்து வைத்திருந்த அந்தச் சாயங்காலம் அவருக்கு ஞாபகத்திலேயே இல்லையா? இல்லை, வேண்டுமென்றே மறைத்திருக்கிறாரா? முதலாவது என்றால் அவமானம். இரண்டாவது என்றால் அதைவிடப் பெரிய அவமானம். இரண்டில் எதற்கும் அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயர் இல்லத்தில் ஒரு நீளமான அறை. விசாரிக்கிற சாமியார் வயதானவர். ஓரத்தில் ஒரு சிஸ்டர் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு சாமியாரும் இருந்தார். கல்யாணத்தின் பக்கம் நின்று பேசுவதற்கென்றே சபை அவரை வைத்திருக்கிறது என்றார்கள். என் கல்யாணத்துக்காகப் பேச ஒருவராவது இருக்கிறாரே என்று தோன்றியது.

நற்செய்தி மேல் கை வைத்தேன். பெரியவர் கோப்பிலிருந்து ஒரு பழுப்புத் தாளை எடுத்து வைத்தார். எங்கள் பங்கிலிருந்து வரவழைத்த அந்தப் பழைய விசாரணைத் தாள். "இது உங்க கையெழுத்துங்களாம்மா?" என்றார். என் கையெழுத்துதான். அப்போது 'இல்லை' என்கிற சொல்லில் ஐகாரத்தைச் சுழித்துச் சுழித்து எழுதுவேன். எவ்வளவு அழகான பொய்.

"இதுல எழுதியிருக்கறது சரிதானுங்களா? அவரைக் கட்டாயப்படுத்துனாங்கன்னு உங்களுக்கு அப்பத் தெரியாதுங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அதற்குத்தான் போனேன். ஆனால் 'அவள் நேர்மையானவள்' என்று அந்த மனிதர் எழுதித் தொலைத்திருக்கிறாரே. ஒரு பொய்யை நானாகச் சொல்வது வேறு. அவர் எனக்காக விரித்து வைத்த பொய்யின் மேல் போய் உட்காருவது வேறு. அது எனக்கு முடியவில்லை.

"தெரியும் ஃபாதர்" என்றேன்.

சிஸ்டர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பஸ் ஸ்டாப்பையும் ஒருசந்தியையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் பெரியவர் கேட்டார்: "அப்பறம் எதுக்குங்கம்மா இல்லைன்னு எழுதுனீங்க?"

"எனக்கு அவரு வேணும்னு இருந்துச்சுங்க ஃபாதர்."

கல்யாணத்தின் பக்கம் பேசுகிறவர் தன் கடமைக்கு ஒரு கேள்வி கேட்டார். அத்தனை வருஷத்தில் அவர் உங்களிடம் அன்பாகவே இல்லையா என்று. "கொறை சொல்ல முடியாதுங்க. சனிக்கிழமை சாயங்காலம் வருவாரு, திங்கக்கிழமை மொத பஸ்ஸுக்குப் போயிருவாரு. ஒரு வாரம் தவறுனதில்ல. டூட்டிக்கு வர்ற மாதிரி வந்தாரு" என்றேன். அவர் தன் பேனாவை மூடிவைத்தார். எனக்காகப் பேச வந்தவர் வாயையும் நானே அடைத்துவிட்டேன்.

வெளியே வந்தபோது சாரல். கேட்டருகில் என் வீட்டுக்காரர் குடையோடு நின்றிருந்தார். மத்தியானம் அவரை மறுபடி விசாரிக்க வரச் சொல்லியிருந்தார்களாம். தலை முன்பக்கம் வழுக்கை நன்றாக ஏறிவிட்டது. நான் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரையே போட்டிருந்தார். சேரங்கோட்டில் ஸ்வெட்டர் விற்பதில்லை போலிருக்கிறது.

"சாப்டியா?" என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு கேட்கிற முதல் கேள்வி.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. பஸ் ஸ்டாப்புக்கு வந்து சொன்னது மறந்து போச்சுங்களா?"

குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "மறப்பனா? அந்த ஊருல வேற யாருகிட்டயும் என்னால வாய் தொறக்க முடியல. உன்றகிட்ட மட்டுந்தான் சொன்னேன். நீ பாத்துக்குவேன்னு நெனச்சேன்."

"அப்பறம் எதுக்கு அப்படி எழுதுனீங்க?"

"நீ புள்ளைகளுக்கு ஞானப்பாடம் எடுக்கறவ. பொய்ச் சத்தியம் பண்ணுனவள்னு உன்னையப் பத்தி என்னைய எழுதச் சொல்றியா?"

அந்த நேரத்திலும் கோபம் முன்னால் வந்து நின்றது. "நான் உள்ள உண்மையச் சொல்லீட்டேன்" என்றேன், அவரை அடிப்பதுபோல.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அது இல்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தீர்ப்பு வர இன்னும் மாதங்கள் ஆகும் என்கிறார்கள். வரட்டும். தயாரிப்பு வகுப்பை இனி எடுக்க மாட்டேன் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அந்த வாக்கியங்களைத் திருடியதற்கு, என் மகளை அப்படி ஒரு கேள்வி கேட்க வைத்ததற்கு, இருபத்திரண்டு வருஷம் வாரம் தவறாமல் வந்ததற்கு. துரோகம்தான் அது, வேறு பேர் எனக்குத் தெரியாது.

ஆனால் அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தபோது, வழியெல்லாம் வர்க்கிக் கடைகள். கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கடுக்காக வைத்திருந்தார்கள். அத்தனை வருஷத்தில் அந்த மனிதர் யாரும் சொல்லாமல், யாருக்கும் பயப்படாமல், தானாக என்னைத் தேடி வந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். தானாக எனக்கென்று வாங்கி வந்தது அந்த ஒரு பொட்டலம்தான். எதற்காக வாங்கி வந்தார் என்று தெரிந்தேதான் நான் அதைத் தின்றேன்.